பந்தைக் கொடுத்து ஆடு

பெங்களூரில் அல்சூர் என்ற பகுதி இருக்கிறது. ஹலசூரு என்றும் சொல்வார்கள். அங்கே கவுதமபுரா என்று ஓர் இடம். தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு.

வெள்ளைக்காரர் காலத்தில் பெங்களூரில் ராணுவத் தண்டு இருந்தது. வேலை தேடித் தமிழ் மக்கள் பலர் அங்கே வந்தார்கள். சிப்பாய்கள் மைதானத்தில் கால்பந்து ஆடினார்கள். நம் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு தாங்களும் ஆடத் தொடங்கினார்கள். காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஆசை இன்றும் போகவில்லை.

கவுதமபுராவில் அம்பேத்கருக்குச் சிலை உண்டு. புத்தருக்கும் அன்னை தெரசாவுக்கும் உண்டு. பக்கத்திலேயே இன்னொரு சிலையும் உண்டு. அது பிரேசில் நாட்டுக் கால்பந்து வீரர் பெலேயின் சிலை. ஆட்டக்காரருக்குச் சிலை வைத்த தெரு அது!

அந்தத் தெருவில் நடப்பதாக ஒரு கதை சொல்கிறோம். இது கதைதான். ஆனால் இதில் வரும் அம்மாவை உங்கள் தெருவிலும் பார்க்கலாம்.

மூன்று கோல்

அம்மா பூ விற்பவர். அல்சூர் சோமேசுவரர் கோயில் பக்கம் கூடை வைத்து உட்காருவார். அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு வயது பன்னிரண்டு. கால்பந்து என்றால் அவனுக்கு உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஓடி வந்தான்.

"அம்மா! இன்னைக்கு நான் மூணு கோல் போட்டேன்!"

அம்மாவுக்கு மனம் நிறைந்தது. கையில் இருந்த பணத்தில் முட்டை வாங்கிப் பொரித்துக் கொடுத்தார். தெருவே அவனைப் பாராட்டியது. "குட்டி பெலே வர்றான்" என்று பெரியவர்கள் முதுகில் தட்டினார்கள்.

அன்று முதல் மகன் மாறினான். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டான். அக்கா ஏதாவது சொன்னால், "உனக்கு என்ன தெரியும்?" என்பான். கூட ஆடும் பிள்ளைகளைக் கேலி செய்வான். பந்து காலுக்கு வந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டான். தானே கொண்டு போய்க் கோல் போடப் பார்ப்பான்.

அம்மா இதைக் கவனித்தார். 'நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இவன் குடம் இப்போதே தளும்புகிறதே' என்று நினைத்தார். ஆனால் வேலை அவசரத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

தோற்ற நாள்

அடுத்த போட்டி வந்தது. எதிர் அணிப் பிள்ளைகள் இவனைப் பற்றித் தெரிந்து கொண்டார்கள். இரண்டு பேர் இவனைச் சுற்றியே நின்றார்கள். பக்கத்தில் நண்பன் தனியாக நின்றான். "எனக்குக் கொடு, எனக்குக் கொடு" என்று கத்தினான். இவன் கொடுக்கவில்லை. பந்து பறிபோனது.

இவர்கள் அணி தோற்றது. கோல் ஒன்றுகூடப் போடவில்லை.

ஆட்டம் முடிந்தது. எதிர் அணியினர் கை கொடுக்க வந்தார்கள். இவன் கை கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை உதைத்தான். கோல்கீப்பர் பையனைப் பார்த்து, "உன்னாலதான் தோத்தோம்" என்றான். அந்தப் பையன் அழுதுவிட்டான்.

பயிற்சி கொடுக்கும் அண்ணன் எல்லாவற்றையும் பார்த்தார். அவர் ஒரு காலத்தில் தொழிற்சாலை அணியில் ஆடியவர். தலை நரைத்தவர். அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. மறுநாள் இப்படிச் சொன்னார்:

"தம்பி, ரெண்டு வாரம் நீ சின்னப் பிள்ளைகளோட இரு. அவங்களுக்குப் பந்தைக் கடத்தக் கத்துக்கொடு. ஆட்டம் முடிஞ்சதும் வலையை மடிச்சு வை. பந்தை எண்ணிப் பையில போடு."

மகன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். "என்னை எடுபிடி ஆக்கிட்டாரு" என்றான்.

அம்மாவின் கோபம்

அம்மாவுக்குக் கோபம் வந்தது. மறுநாள் மாலை நேராக மைதானத்துக்குப் போனார்.

"அண்ணா, என் பிள்ளையை ஏன் மூட்டை தூக்க வெக்கிறீங்க?"

"பணிவு கத்துக்கட்டும்னுதான்மா."

அம்மாவின் கண் சிவந்தது.

"பணிவா? நான் பணிஞ்சது போதாதா அண்ணா? பத்து வருஷம் வீட்டு வேலை செஞ்சேன். ஒரு வீட்டுல எனக்குத் தனி டம்ளர். தரையில உக்காருன்னாங்க. பேசாதேன்னாங்க. 'பணிவா இரு'ன்னு சொல்லிச் சொல்லியே என் தலையைக் குனிய வெச்சாங்க. என் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கணும். அவனுக்கு அந்தப் பணிவு வேண்டாம்."

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீ சொல்றது சரிதான்மா. உன்கிட்ட அவங்க கேட்டது பணிவு இல்லை. அது அடிமைத்தனம். நான் சொல்றது வேற. உக்காரு, சொல்றேன்."

பணிவு எது? அடிமைத்தனம் எது?

அண்ணன் அம்மாவுக்குச் சொன்னதை நாமும் கேட்போம்.

ஒருவர் மற்றவரைக் கீழே தள்ளுகிறார். கீழே இருப்பவர் பயத்தில் தலை குனிகிறார். இது அடிமைத்தனம். இதை யாரும் கற்க வேண்டியதில்லை. இதை எதிர்க்க வேண்டும்.

பணிவு அப்படி அல்ல. பணிவில் பயம் இல்லை. 'எனக்குத் திறமை உண்டு. மற்றவருக்கும் உண்டு. எனக்குத் தெரியாததும் உண்டு. அதை யாரிடமும் கற்பேன்.' இப்படி நினைப்பதுதான் பணிவு.

அடிமைத்தனம் ஒருவருக்கு மட்டும் வேலை கொடுக்கும். பணிவு எல்லோருக்கும் வேலை கொடுக்கும். வலையை இவன் மட்டும் மடித்தால் அது தவறு. முறை வைத்து எல்லோரும் மடித்தால் அது பாடம்.

"இங்க நானும் வலை மடிப்பேன்மா. நல்லா ஆடுறவனும் மடிப்பான். ஆடத் தெரியாதவனும் மடிப்பான். இந்த ரெண்டு வாரம் உன் பிள்ளை முறை. அவ்வளவுதான்" என்றார் அண்ணன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. ஆனாலும் ஒரு கேள்வி இருந்தது.

"பணிவா இருந்தா ஆட்டத்துல ஜெயிக்க முடியுமா அண்ணா? முட்டி மோதறவன்தானே முன்னுக்கு வர்றான்?"

அண்ணன் சிரித்தார். சில உண்மை நிகழ்ச்சிகளைச் சொன்னார்.

பெரியவர்கள் செய்து காட்டியது

பெலே ஏழை வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டவர். காலுறைக்குள் துணியும் காகிதமும் திணித்துப் பந்து செய்து ஆடியவர். 1958, 1962, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணிகளில் இருந்தவர். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார்.

1970-ஆம் ஆண்டு இறுதிப் போட்டி மெக்சிகோவில் நடந்தது. எதிரில் இத்தாலி. முதல் கோலைப் போட்டவர் பெலே. ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து மறுபடி அவர் காலுக்கு வந்தது. அவரே உதைத்திருக்கலாம். உதைக்கவில்லை. வலப்பக்கம் ஓடி வந்த கார்லோஸ் ஆல்பர்டோவுக்கு மெதுவாக உருட்டிவிட்டார். அவர் ஓங்கி உதைத்தார். கோல்! பிரேசில் 4-1 என்று வென்றது. அந்தக் கோலை உலகம் இன்றும் பேசுகிறது. போட்டவரைப் பேசுகிறது. கொடுத்தவரையும் பேசுகிறது.

இன்னொரு நிகழ்ச்சி. 1948-ஆம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. இந்தியக் கால்பந்து அணி பிரான்சோடு ஆடியது. நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியாவின் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அவர் பெங்களூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான். ஆனால் நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 2-1 என்று தோற்றோம்.

ஒரு பெனால்டியைத் தவறவிட்டவர் சைலன் மன்னா. அவர் ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1951-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்திய அணி தங்கம் வென்றது. அந்த அணியின் கேப்டன் யார் தெரியுமா? அதே மன்னாதான். தவறியவரைத் தள்ளிவிடாமல் சேர்த்துக் கொண்டால் நல்லது நடக்கும்.

பெங்களூரில் வாழும் இருவரைப் பற்றியும் அண்ணன் சொன்னார்.

ஒருவர் குண்டப்பா விஸ்வநாத். கிரிக்கெட் வீரர். 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்தோடு போட்டி. விஸ்வநாத் இந்தியாவின் கேப்டன். இங்கிலாந்து ஐந்து விக்கெட் இழந்து திணறியது. அப்போது பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் சொன்னார். ஆனால் பந்து மட்டையில் படவில்லை என்று விஸ்வநாத் நினைத்தார். அவர் நடுவரிடம் பேசினார். டெய்லரை மறுபடி ஆட அழைத்தார். டெய்லர் நின்று ஆடினார். கூட ஆடிய போத்தம் சதம் அடித்தார். இந்தியா அந்தப் போட்டியில் தோற்றது. ஆனால் விஸ்வநாத் பெயர் தோற்கவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அதை மரியாதையோடு பேசுகிறார்கள்.

மற்றவர் ராகுல் திராவிட். 2018-இல் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் திராவிட். அவருக்கு 50 லட்சம் ரூபாய் பரிசு என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. மற்றப் பயிற்சிக் குழுவினருக்கு ஆளுக்கு 20 லட்சம். திராவிட் இதை ஏற்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதானே உழைத்தோம், பரிசும் சமமாக இருக்கட்டும் என்றார். பிறகு எல்லோருக்கும் 25 லட்சம் என்று மாற்றினார்கள். அவர் பரிசு பாதியாகக் குறைந்தது. உடம்பு பிடித்து விடுபவருக்கும் சேர்த்துத்தான் அவர் பேசினார்.

"இவங்க யாரும் பயந்தவங்க இல்லைம்மா. தைரியம் இருந்ததாலதான் இப்படிச் செய்ய முடிஞ்சது" என்று முடித்தார் அண்ணன்.

உடற்பயிற்சி சொல்லும் பாடம்

பணிவைப் பேசிப் புரிய வைப்பது கடினம். உடம்பு மூலம் எளிதில் புரியும். எப்படி?

உடம்பிடம் பொய் சொல்ல முடியாது. 'நான்தான் பெரிய ஆள்' என்று வாயால் சொல்லலாம். பத்துச் சுற்று ஓடினால் மூச்சு வாங்கும். பணக்காரப் பிள்ளைக்கும் வாங்கும். ஏழைப் பிள்ளைக்கும் வாங்கும். கடிகாரம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஒருவன் வேகமாக ஓடுவான். அவனால் குனிந்து கால் விரலைத் தொட முடியாது. மெதுவாக ஓடும் பெண் பிள்ளை அதை எளிதாகச் செய்வாள். அவளிடம் அவன் கற்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரு திறமை இருப்பது மைதானத்தில் கண்ணுக்குத் தெரியும்.

நம் பழைய விளையாட்டுகளிலும் இந்தப் பாடம் உண்டு. கன்னடத்தில் கரடி மனை என்பார்கள். அது மல்யுத்தம் பழகும் இடம். அங்கே செம்மண்ணைக் கிளறிப் பதப்படுத்துவதும் பயிற்சிதான். மல்லர்கள் மண்ணைத் தொட்டு வணங்கி இறங்குவார்கள். சிலம்பம் ஆடுபவரும் தரையைத் தொட்டு வணங்கித்தான் கம்பை எடுப்பார். 'நான் கற்க வந்திருக்கிறேன்' என்பது அதன் பொருள்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. உடற்பயிற்சியைத் தண்டனை ஆக்கக் கூடாது. 'தப்பு செய்தாய், நூறு தோப்புக்கரணம் போடு' என்றால் பிள்ளைக்குப் பணிவு வராது. உடற்பயிற்சி மேல் வெறுப்புதான் வரும். எல்லோர் முன்னும் அவமானப்படுத்தினாலும் பணிவு வராது. மனதில் வஞ்சம்தான் வளரும்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இப்படிச் சொல்கிறது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது பொது. விலை கூடிய பூட்ஸ் தேவையில்லை. கயிறு தாண்டலாம். கபடி ஆடலாம். ஓடலாம். ஆடும் முன் உடம்பைச் சூடாக்க வேண்டும். இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். அடிபட்டால் ஓய்வு எடுக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளோடு இரண்டு வாரம்

மகன் முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான். சின்னப் பிள்ளைகள் அவனைச் சுற்றி வந்தார்கள். "அண்ணா, எப்படி உதைக்கணும்? காட்டுங்க அண்ணா" என்றார்கள்.

அவன் காட்டினான். ஒரு சின்னப் பெண்ணுக்கு வரவில்லை. மறுபடி காட்டினான். அப்போதும் வரவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அவனுக்கே இதைக் கற்க ஒரு மாதம் ஆனது. யார் கற்றுக் கொடுத்தார்? அவன் அழவைத்தானே, அந்தக் கோல்கீப்பர் பையன்தான்.

ஐந்தாம் நாள் அந்தச் சின்னப் பெண் பந்தைச் சரியாகக் கடத்தினாள். கை தட்டிக் குதித்தாள். தான் கோல் போட்டதைவிட அவனுக்கு அதிக மகிழ்ச்சி வந்தது.

அன்று மாலை அவன் கோல்கீப்பர் வீட்டுக்குப் போனான்.

"டேய், அன்னைக்கு நான் பேசினது தப்பு. நான்தான் பந்தைக் கொடுக்கல" என்றான்.

அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பந்தை எடுத்து வந்தான். இருவரும் தெருவில் ஆடினார்கள்.

வீட்டில் அம்மா, அப்பா, அக்கா எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவு செய்தார்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். அப்பாவும்தான். வீட்டில் அப்பா செய்யாததை மகன் எப்படிக் கற்பான்?

மீண்டும் ஒரு போட்டி

அடுத்த மாதம் வேறொரு பகுதியில் போட்டி. அம்மா அன்று பூக்கூடையை மகளிடம் விட்டுவிட்டு வந்தார். மகன் ஆடுவதை முதல் முறையாக நேரில் பார்த்தார்.

இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அங்கே நின்ற ஒருவர், "நீங்க இங்கே குடிக்கக் கூடாது. வெளிக் குழாய்க்குப் போங்க" என்றார். அம்மாவின் நெஞ்சு திக்கென்றது. தனி டம்ளர் நினைவுக்கு வந்தது.

மகன் கத்தவில்லை. தலையும் குனியவில்லை. அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னான்:

"நாங்களும் ஆட வந்தவங்கதான், சார். எல்லாருக்கும் ஒரே தண்ணிதானே?"

பின்னாலேயே அவன் அணி முழுவதும் வந்து நின்றது. எதிர் அணிப் பிள்ளைகளும் வந்தார்கள். "வாங்க, சேர்ந்து குடிக்கலாம்" என்றார்கள். அந்த மனிதர் ஒதுங்கிப் போனார்.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பந்து மகனிடம் வந்தது. இரண்டு பேர் அவனைச் சூழ்ந்தார்கள். அவன் நண்பனைப் பார்த்தான். பந்தைக் கொடுத்தான். நண்பன் உதைத்தான். கோல்!

ஆனாலும் கடைசியில் 2-1 என்று தோற்றார்கள். மகன் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக் கொண்டான். எதிர் அணியிடம் போய் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். பிறகு வலையை மடிக்கப் போனான். அன்று அவன் முறை இல்லை.

அம்மா அண்ணனைப் பார்த்தார். "அண்ணா, என் பிள்ளை தலை நிமிர்ந்துதான் நிக்கிறான்" என்றார்.

பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் 'எத்தனை கோல்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'யாருக்கு உதவினாய்? என்ன கற்றாய்?' என்றும் கேளுங்கள்.

2. முயற்சியைப் பாராட்டுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

3. தோற்றால் திட்டாதீர்கள். நடுவரையும் மற்றப் பிள்ளைகளையும் பிள்ளை முன் குறை சொல்லாதீர்கள்.

4. ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்கப் பழக்குங்கள். பந்து, வலை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் முறை வைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

5. தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கப் பழக்குங்கள். நீங்கள் தவறு செய்தால் பிள்ளையிடம் நீங்களும் கேளுங்கள்.

6. பெண் பிள்ளைகளையும் விளையாட அனுப்புங்கள்.

7. பயிற்சி இடத்துக்கு அவ்வப்போது போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் அடித்தாலோ, சாதி சொல்லித் திட்டினாலோ, தகாத முறையில் தொட்டாலோ சும்மா இருக்காதீர்கள். அது பயிற்சி அல்ல, குற்றம். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது பிள்ளைகளுக்கான உதவி எண். கட்டணம் இல்லை.

புதிய சொற்கள்

தண்டு – ராணுவம் தங்கும் இடம்
எடுபிடி – சொன்ன வேலையெல்லாம் செய்யும் ஆள்
கடத்துதல் – பந்தைக் கூட ஆடுபவருக்குத் தள்ளிக் கொடுத்தல்
மல்லர் – மல்யுத்தம் செய்பவர்
வஞ்சம் – மனதில் வைத்திருக்கும் பகை

சிந்தித்துப் பேசுங்கள்

1. அம்மாவுக்குப் 'பணிவு' என்ற சொல் ஏன் பிடிக்கவில்லை?

2. பணிவுக்கும் அடிமைத்தனத்துக்கும் என்ன வேறுபாடு? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

3. விஸ்வநாத் செய்தது சரியா? அதனால் இந்தியா தோற்றதே! உங்கள் கருத்து என்ன?

4. தண்ணீர்க் குழாய் அருகே மகன் பேசியது பணிவா? ஏன்?

செய்து பாருங்கள்

இந்த வாரம் ஒரு மாலை உங்கள் பிள்ளை ஆடும் இடத்துக்குப் போங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். யார் யாருக்குப் பந்து கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரவு சாப்பிடும்போது அதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுங்கள்.